கதவு திறந்தால் மட்டும் போதுமா?

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

    

இணையக் கடைகளின் சுமைச் சோதனை பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறீர்கள். கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கடைப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். கடைவாசல் என்பது நம் மக்களுக்கு எத்தகைய இடமாக இருந்தது என்பதை இங்குள்ள மூத்தோர் அறிவர். காசைத் தரையில் வைத்துவிட்டு, எட்ட நின்று, வீசிய பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு வந்த காலத்தை அவர்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். இணையக் கடை எவரையும் எட்ட நில் என்று சொல்வதில்லை. அதன் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் எல்லோரும் ஒரே வேளையில் உள்ளே வந்தால் அக்கடை தாங்குமா? கடைசியாக வருபவருக்கும் இடம் கிடைக்குமா? இதனை முன்கூட்டியே அளந்தறியும் கலையே சுமைச் சோதனை ஆகும்.

வள்ளுவப் பெருந்தகை வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். மெல்லிய மயிற்பீலியும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சை முறித்துவிடும் என்பது அதில் வரும் கருத்து. இக்கருத்துக்கு நம் காலத்துச் சான்று ஒன்றுண்டு. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் பிளிப்கார்ட் நிறுவனம் மாபெரும் தள்ளுபடி விற்பனை ஒன்றை நடத்தியது. பத்து மணி நேரத்தில் 600 கோடி ரூபாய்க்கு விற்பனை நடந்ததாக அந்நிறுவனம் அறிவித்தது. ஆயினும் தளம் திணறியது. பலருக்குப் பக்கமே திறக்கவில்லை. வாங்கிய பொருள் இல்லையென்று ஆனவர்களும் உண்டு. மறுநாள் அதன் நிறுவனர்கள் இருவரும் வாடிக்கையாளர்களிடம் கடித வாயிலாக மன்னிப்புக் கோரினர். ஏறத்தாழ 5,000 சர்வர்களை நிறுவி, 20 மடங்கு கூட்டத்துக்கு ஆயத்தமாக இருந்தும், வந்த கூட்டம் அதனையும் மிஞ்சியது என்று அதில் ஒப்புக்கொண்டனர். வசதி குறைவால் மட்டும் கடை சாய்வதில்லை, தன் வலியையும் வரும் சுமையையும் சரியாக அளவாமையாலும் சாயும் என்பது இதனால் விளங்கும்.

அளப்பது எவ்வாறு? ஒரு திருமணப் பந்தியை எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்குப் பத்துப் பேர் வருகிறார்கள். ஒவ்வொருவரும் இருபது நிமிடம் அமர்ந்து உண்கிறார்கள். அப்படியானால் 200 இலைகளுக்கு இடம் வேண்டும். சாம்பார் வரத் தாமதமாகி, ஒருவர் முப்பது நிமிடம் அமர நேர்ந்தால் 300 இலைகளுக்கு இடம் வேண்டும். வருவோர் தொகை கூடவில்லை. பரிமாறுதல் தாமதமாயிற்று, அவ்வளவே. ஆனால் வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். இந்த உறவை ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961இல் கணித முறைப்படி மெய்ப்பித்தார். இணையக் கடையின் நிலையும் இதுவே. ஒரு பக்கம் தாமதமானால் காத்திருப்போர் பெருகுவர்; பொறுமையிழந்து மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துவர்; ஒருவரே மூவராகச் சுமை கூட்டுவர். அதனால்தான் கடை மெல்ல மெல்லத் தளராமல் திடீரென்று விழுகிறது.

பந்தியில் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்படும் வலி நமக்குப் புதிதன்று. ஆகவே இத்தொழிலின் நுட்பம் பிறரைக் காட்டிலும் நம் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும் என்று நம்புகிறோம்.

சோதனை செய்வோர், மெய்யான வாடிக்கையாளரைப் போல நடந்துகொள்ளும் ஆயிரக்கணக்கான போலி வாடிக்கையாளரைக் கணினியில் உருவாக்கித் தளத்துக்கு அனுப்புகின்றனர். எதிர்பார்க்கும் கூட்டத்தை அனுப்புவது ஒரு சோதனை. விழும்வரை ஏற்றிக்கொண்டே போவது மற்றொன்று. பல மணி நேரம் ஒரே சுமையில் நிறுத்தி வைப்பது மூன்றாவது. விற்பனை தொடங்கும் நொடியில் கூட்டம் பாய்வதைப் போலச் செய்வது நான்காவது.

இங்கே பலர் ஒரு பிழை செய்கின்றனர். முகப்புப் பக்கத்தை மட்டும் சோதித்துவிட்டு மகிழ்கின்றனர். பொருளின் படத்தைக் காட்டும் பக்கத்தை முன்பே ஆயத்தமாக்கி, நகலெடுத்துப் பல இடங்களில் வைக்கலாம். கையிருப்பைக் கழிப்பதையும் பணம் பெறுவதையும் அவ்வாறு செய்ய இயலாது. எஞ்சிய ஒரே பொருளுக்கு ஆயிரம் பேர் ஒரே நொடியில் கை நீட்டினால், ஒருவர் பின் ஒருவராகத்தான் கணக்குப் பார்க்க முடியும். அடைப்பு பெரும்பாலும் அங்கேதான் ஏற்படும். பார்ப்போர் பலர், கூடையில் இடுவோர் சிலர், வாங்குவோர் மிகச் சிலர் என்ற கலவை மாறாமல் சோதிப்பதே முறை. சீனத்தின் அலிபாபா நிறுவனம் நவம்பர் 11ஆம் நாள் விற்பனைக்கு முன்னர், பணம் செலுத்தும் படி வரை முழுப் பாதையையும் ஒத்திகை பார்க்கிறது. 2019ஆம் ஆண்டு அவ்விற்பனையின் உச்சத்தில் நொடிக்கு 5,44,000 ஆணைகள் வந்தன.

அடுத்து, நாம் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்தி சராசரியின் சூது பற்றியது. நூறு பேர் வருகின்றனர். 95 பேருக்கு ஒரு வினாடியில் பக்கம் திறக்கிறது. ஐவருக்கு முப்பது வினாடி ஆகிறது. சராசரி எவ்வளவு? 2.45 வினாடிதான். அறிக்கையில் அது அழகாகவே தோன்றும். ஆனால் அந்த ஐவரும் வெறுங்கையோடு போய்விட்டனர். இதனாலேயே தேர்ந்த சோதனையாளர் சராசரியை நம்புவதில்லை. நூற்றில் 95ஆவது ஆள், 99ஆவது ஆள் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்றே கேட்கின்றனர். அந்தக் கடைசி ஆட்கள் யார் என்றும் கேட்க வேண்டும். பழைய கைப்பேசியும், அலைவரிசை மெலிந்த ஊரும் உடையவர்களே பெரும்பாலும் அங்கே நிற்பார்கள். அலுவலகத்தின் விரைவான இணைப்பில் அமர்ந்து சோதிப்பவர் கண்ணுக்கு அவர்கள் படுவதில்லை. குடிசையிலிருந்து வந்த பிள்ளை ஒருவர் அந்தச் சோதனைக் குழுவில் இருந்தால், "மலிவான கைப்பேசியில் இது திறக்குமா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே அவர் அங்கு இருக்க வேண்டும்.

சோதனையோடு கடமை முடிவதில்லை. விற்பனை நாளில் தளத்தின் நாடியைக் கணந்தோறும் பார்த்திருக்க வேண்டும். கூட்டம் மிகும்போது பரிந்துரைகள், மதிப்புரைகள் முதலான அலங்காரங்களை நிறுத்திவிட்டு, கூடையையும் பணம் செலுத்துவதையும் காக்க வேண்டும். அதற்கு மேலும் மிகுந்தால் வரிசை எண் கொடுத்துக் காத்திருக்கச் செய்வது நேர்மையான வழி. முகத்தில் கதவை அறைவதினும் அது மேலானது.

கடையில் ஒரு சேலை கிடைக்காமற்போனால் நட்டம் சிறிது. ஆனால் உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளில் தளம் திறக்காமல், இரவெல்லாம் கணினி மையத்தில் காத்திருந்த மாணவர்களை நாம் கண்டிருக்கிறோம். பந்தியின் அதே கணக்குத்தான் அங்கும் தவறியது. நட்டமோ ஓராண்டுப் படிப்பு. கடைக்காகக் கற்கும் வித்தை இத்தகைய வாசல்களையும் காக்க உதவும்.

மாணவச் செல்வங்களே! இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. ஜேமீட்டர் என்னும் சோதனைக் கருவி இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு கணினியும், சிறிது புள்ளியியலும், பொறுமையும் இருந்தால் தொடங்கிவிடலாம். நீங்களே கட்டிய சிறு தளத்தில் பழகுங்கள். பிறர் தளத்தின்மீது இசைவின்றிச் சுமை ஏற்றுவது குற்றமாகும்; அதனை ஒருபோதும் செய்யாதீர்கள். சங்கத்தின் மாலை வகுப்புகளில் இப்பாடத்தையும் சேர்க்குமாறு நிர்வாகப் பெருமக்களை வேண்டிக்கொள்கிறோம்.

மகாடு நகரின் சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று அவ்வூர் நகராட்சி முன்பே தீர்மானம் இயற்றியிருந்தது. ஆயினும் நம்மவர் ஒருவரும் அங்கு நீர் அள்ள முடியவில்லை. 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மக்களோடு நடந்து சென்று அந்நீரை அருந்தினார். காகிதத்தில் திறந்த கதவு மெய்யாகவே திறந்திருக்கிறதா என்று நடந்து சென்று பார்த்த சோதனை அது. கதவு திறந்திருக்கிறது என்று எவர் சொன்னாலும், கடைசி ஆள் உள்ளே போனாரா என்று பார்த்த பின்னரே நம்புங்கள். அதனை அளந்து சொல்லும் ஆற்றலைக் கல்வி உங்களுக்குத் தரட்டும்.