கண்ணாடியிற் காணும் சாந்தாரம்



தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிச் சாந்தாரம் எனப்படும் இருள் செறிந்த உட்சுற்று ஒன்று உண்டு. அதன் சுவர்களில், நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள் கண்டறிந்தார். திரிபுரம் எரித்த பெருமானின் பேருருவம் அங்குள்ளது. வெள்ளை யானைமீது சுந்தரமூர்த்தி சுவாமிகளும், குதிரைமீது சேரமான் பெருமாள் நாயனாரும் கயிலைக்கு விரையும் காட்சியும் உள்ளது. ஆயினும் கோயிலுக்குச் செல்வோர் எல்லாரும் அவற்றைக் காண இயலாது. இடமோ குறுகியது, கூட்டத்தின் மூச்சும் வெப்பமும் பழைய வண்ணத்திற்குப் பகை. ஆதலின் அவ்வழி பொதுவாக அடைக்கப்பெற்றே இருக்கிறது.

இத்தகைய இடங்களைப் படமெடுத்துக் காட்ட இக்காலத்தில் மெய்நிகர்க் கண்ணாடி என்னும் கருவி வந்துள்ளது. அதனை அணிந்தவர் தலையைத் திருப்பும் திசைக்கேற்பச் சுவரும் தூணும் விதானமும் அவர் கண்முன் தோன்றும். எண்ணெய் விளக்கின் மணமும் கல்லின் குளிர்ச்சியும் அதில் இல்லை. அவற்றை அதனிடம் எதிர்பார்ப்பதும் முறையன்று. நடக்க இயலாத முதியோர்க்கும் கடல் கடந்து வாழ்வோர்க்கும் அது பெரும்பேறே.

ஆனால், கண்டது நெஞ்சில் நிற்குமா?

அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தார் 40 பேரைக் கொண்டு ஆராய்ந்து, 2018இல் முடிவினை வெளியிட்டனர். ஒரு மாளிகையில் ஆங்காங்கே வைத்த முகங்களைக் கணினித் திரையிற் கண்டதைவிட, இக்கண்ணாடி வழியே கண்டபோது அவர்கள் ஏறத்தாழ 9 விழுக்காடு மிகுதியாக நினைவுகூர்ந்தனராம். இடத்தோடு பொருந்திய பொருள் எளிதில் மறவாது. தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே லிங்கோற்பவர், வடக்கே துர்க்கை என வலம்வந்தே பயின்றவர்களுக்கு இது வியப்பன்று.

அதே ஆண்டில், கலிபோர்னியாவில் சாந்தா பார்பரா நகரத்துப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வோ வேறொன்று கூறிற்று. உயிரியற் பாடத்தைக் கண்ணாடி வழியே கண்டவர்கள் மிக மகிழ்ந்தனர். தேர்விலோ, சாதாரணப் படங்களைக் கண்டு பயின்றவர்களே மேம்பட்டனர். காட்சியை இடையிடையே நிறுத்தி, கண்டதைச் சொந்தச் சொல்லிற் சுருக்கியுரைக்கச் செய்தபோது முன்னவர்களும் தேறினர்.

வெள்ளை யானையைக் கண்டு கைகொட்டும் குழந்தை, அதன்மேல் இருப்பவர் யார் என அறியாமலே கண்ணாடியைக் கழற்றிவிடலாம். முன்னாளில் பாட்டனார் பிரகாரத்தில் நின்று கதை சொல்லி, மறுவாரம் அதனையே பேரனைச் சொல்லச் சொல்வார். கருவிக்குப் பொருளுதவும் உபயதாரர்கள், அதனருகே நின்று திருத்தொண்டர் வரலாற்றைச் சொல்லவும் கேட்கவும் வல்ல ஓர் ஓதுவாருக்கும் ஊதியம் வகுத்தல் வேண்டும்.