பொன்னும் உரைகல்லும்



பொன் என்றவுடன் அணிவோர் நினைவுக்கு வருவர், ஆக்குவோர் வருவதில்லை. இலக்கியம் பயின்றோர்க்கோ பொற்கொல்லன் என்றால் கோவலன்மேல் பொய்ப்பழி சுமத்திய ஒருவனே முன்னிற்பான். ஒருவன் செய்த வஞ்சத்தைக் கொண்டு ஒரு தொழிலையே எடைபோடுதல் முறையாகுமா என்பது ஈண்டுச் சிந்திக்கத் தக்கது.

மோகனூருக்குக் காவிரியின் எதிர்க்கரையில் அமைந்தது கரூர் மாவட்டம். கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில், தமிழி எழுத்தில் ஆட்பெயர் பொறித்த பொன், வெள்ளி மோதிரங்கள் கிடைத்துள்ளன. இவ்வட்டாரத்தில் பொன்வினை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது என்பதற்கு அவையே சான்று.

பொன் துருவேறாது, 1064 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகும், ஒரு கிராம் பொன்னை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கம்பியாக நீட்டலாம். ஆயினும் தூய பொன் மென்மையானது. ஆதலின் 24 பங்கில் 22 பங்கு பொன்னும் எஞ்சியது செம்பு, வெள்ளியுமாகக் கலந்து அணி செய்வர். கலப்பு உண்டெனில் ஐயமும் உண்டு. அவ்வையத்தைப் போக்குவதே உரைகல். நகையைக் கருங்கல்லில் உரைத்து, மாற்று அறிந்த ஆணியின் கீற்றோடு ஒப்பிட்டுப் பொற்கொல்லர் தரம் காண்பர். ‘ஆணிப்பொன்’, ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்னும் வழக்குகள் இத்தேர்விலிருந்து எழுந்தவை.

தாய்லாந்தின் கிராபிப் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட சிறு உரைகல் ஒன்றில் ‘பெரும்பதன் கல்’ எனத் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் காலம் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு. கடல் கடந்த நாட்டிலும் தன் பெயரைப் பொறித்த கல்லைக் கைக்கொண்டு தொழில் செய்த ஒரு தமிழ்ப் பொற்கொல்லரை அது காட்டுகிறது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த பொற்கலங்கள் ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லால் நிறுக்கப்பட்டன. அக்கோயிற் கல்வெட்டுகள் அணிகலன்களின் எடையைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனக் கணக்கிட்டு, பதித்த மணிகளின் எண்ணிக்கையையும் உரைக்கின்றன. நேர்மைக்கு இவற்றினும் சான்று வேண்டுமோ?

இத்தொழிலுக்கு யாப்பிலக்கணமும் கடன்பட்டுள்ளது. பொன்னின் துண்டுகளைப் பொருத்தும் பற்றாசு போல அசை நின்று அடியையும் தனிச்சொல்லையும் இணைப்பதாலேயே ‘ஆசிடை நேரிசை வெண்பா’ என்னும் பெயர் அமைந்தது. ‘பொடி வைத்துப் பேசுதல்’ என்பதும் பற்றவைக்கும் பொடியிட்டு ஊதும் பட்டறையின் கொடையே.

சொற்களைத் தந்தோர் பட்ட துயர் சிறிதன்று. 1963 சனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்வதைத் தடுத்தன. பொற்கொல்லர் பலர் பிழைப்பிழந்தனர். சிலர் உயிரையும் மாய்த்துக்கொண்டனர். 1966இல் அத்தடை தளர்ந்தது. 1968இல் இயற்றப்பட்ட தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் நீக்கப்பட்டது. ஆயினும் அணைந்த உலைகள் பல மீண்டும் எரியவில்லை.

2021 முதல் ஆறு எழுத்தெண் கொண்ட தர முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டு வருகிறது. வாங்குவோர்க்கு அது நன்மையே. ஆயின் அம்முத்திரை பொன்னின் தரத்தைச் சொல்லுமேயன்றி, அதனை வனைந்த கையின் பெயரைச் சொல்லாது. பெரும்பதனின் கல்லோ பெயரைச் சொல்லிற்று. ஊர்தோறும் எஞ்சியுள்ள முதிய பொற்கொல்லரை அணுகி, அவர்தம் கருவிப் பெயர்களையும் தொழிற்சொற்களையும் எழுதி வைத்தல் இலக்கிய மன்றங்களின் கடமையாகும். அவர் நாவோடு அச்சொற்கள் மறையுமாயின், பற்றாசு என்னும் சொல் நூலில் நிற்கும். அதன் பொருளைக் காட்ட ஒரு கை இராது.