உள்ளங்கால் கட்டியைச் சீவி எறியாதீர்!



இன்று நாம் பேச வந்தது சம்பள விஷயமல்ல, வியர்வை விஷயம். பெரட்டு முதல் பால் நிறுக்கும் வரை நாம் சிந்தும் வியர்வை, தோலுக்குள் இருக்கும் நுண்ணிய சுரப்பிகளிலிருந்து வருகிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை மிக நெருக்கம். அச்சுரப்பிகளிலும் புற்றுநோய் வருவதுண்டு. மிக அபூர்வம்தான்; தோல் புற்றுநோய் 10,000 என்றால் இது ஒன்று இருந்தால் அதிகம்.

பின் ஏன் பேச வேண்டும்? அது வேஷம் போட்டு வருகிறது. பார்த்தால் மரு, அல்லது ஆணிக்கால். அமெரிக்கத் தோல் வைத்தியர் ஹெர்மன் பிங்கஸும் அவர் சகாக்களும் 1956இல் வியர்வைக் குழாயில் வரும் ஒரு சாதுவான கட்டியை விவரித்தார்கள். அதற்கு போரோமா என்று பெயர்; உள்ளங்காலில் வருவது சகஜம். அதன் புற்று வடிவத்தை 1963இல் பிங்கஸும் மெஹ்ரெகானும் எழுதினார்கள். சாதுவான கட்டியே நாளடைவில் புற்றாக மாறுவதும் உண்டு. பெரும்பாலும் அறுபது தாண்டியவர்களுக்கே வருகிறது. தோட்டத்தை விட்டு ஈப்போ பக்கம் குடியேறிய நம் பெரியவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

லயத்து வழக்கம் நமக்குத் தெரியாததா? பால் வெட்டும் கத்தியைத் தீட்டிச் சீவுவோம். பால் உறைய வைக்கும் ஆசிட்டைத் தொட்டு வைத்தவர்களும் உண்டு. நாமும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள்தாம்!

வருஷக்கணக்காகச் சும்மா இருந்த கட்டி திடீரென வளர்ந்தால், ரத்தம் கசிந்தால், புண்ணானால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். அங்கிருந்து கடிதம் வாங்கி, நம்மவர்கள் இன்னும் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி என்று சொல்லும் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போகலாம். வெறும் கண்ணால் பார்த்து எந்த டாக்டரும் இதை உறுதி சொல்ல முடியாது. சதைத் துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். வீட்டில் சீவிக் குப்பையில் போட்டால், சாட்சியைக் குப்பையில் போட்டதாகும்.

புற்றுதான் என்றால், சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து அறுத்தெடுப்பார்கள். ஓரம் சுத்தமா என்று மறுபடி பார்ப்பார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அதே இடத்தில் திரும்ப வருகிறது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பார்ப்பார்கள். அங்கே பரவிய பின் வைத்தியம் கடினம். ஆகவே ஆறிவிட்டது என்று செக்கப்பை நிறுத்திவிடாதீர்கள்.

பேர் விழாதே என்று தயங்க வேண்டாம். 1955ஆம் வருஷ வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் வருஷத்தில் 60 நாள் வரை சம்பளத்தோடு லீவு உண்டு. மலாயில் பேசக் கூச்சப்படுவோர் கிராணிமாராகிய எங்களிடம் வாருங்கள். கட்டி எப்போது வந்தது, எப்போது ரத்தம் கசிந்தது என்று ஒரு தாளில் எழுதித் தருகிறோம். அதை டாக்டரிடம் நீட்டினால் போதும்.