வலிக்கிறது என்பவரை முதலில் நம்புவோம்

(தேனி அல்லிநகரத்தில் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர்களின் மனநலம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் உடம்பிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால், 'எனக்கு மன அழுத்தம்' என்று சொல்லிக்கொண்டு நம் பக்கத்தில் யாரும் வருவதில்லை. 'தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது', 'நெஞ்ச அடைக்குது', 'வயித்தப் பெசையுது', 'கழுத்தத் திருப்ப முடியல' என்றுதான் வருகிறார்கள். மருந்துக்கடையில் ஒரு மாத்திரை, நெற்றியில் கொஞ்சம் தைலம், மறுபடி வகுப்பு. இரண்டு நாளில் அதே வலி திரும்ப வந்துவிடுகிறது.

இப்படி வருகிறவருக்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால், 'உனக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் மனசுலதான்' என்பது ஒன்று. 'மனச லேசா வச்சுக்க, யோகா பண்ணு, கவுன்சலிங் போ' என்பது இன்னொன்று. முதல் பதில் வலியையே பொய் என்கிறது. இரண்டாவது பதில் வலியை ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதற்கான காரணத்தை வலிக்கிறவர் தலையிலேயே கட்டிவிடுகிறது. இந்த இரண்டையும் நாம் ஏற்கக் கூடாது.

நம் மொழி இதில் தெளிவாக இருக்கிறது. 'கால் நோகுது' என்கிறோம், 'மனசு நொந்து போச்சு' என்கிறோம். உடம்புக்கும் மனதுக்கும் ஒரே சொல். மருத்துவ அறிவியலும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் திருத்தி வெளியிட்ட வரையறை, வலியை உடல் உணர்வாகவும் உணர்ச்சியாகவும் சேர்த்தே சொல்கிறது. உயிரியல், உளவியல் காரணங்களோடு சமூகக் காரணங்களும் வலியைத் தீர்மானிக்கின்றன என்கிறது. ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது.

2003இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மூளையைப் படம் பிடிக்கும் கருவிக்குள் ஒருவரைப் படுக்கவைத்து, கணினியில் மூன்று பேர் பந்து எறிந்து விளையாடும் விளையாட்டைக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் அவருக்குப் பந்து போடுவதை நிறுத்திவிடுவார்கள். அப்போது, உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய மூளைப் பகுதி அவருக்கும் தூண்டப்பட்டது. முகம் தெரியாத இருவர் சில நிமிடம் ஒதுக்கியதற்கே இந்த நிலை. தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்டவர்களின் உடம்பு என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் படித்தபோது தண்ணீர்க் குழாயைத் தொடக்கூடாது. பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் குடிக்கலாம். பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தாகம் மனதில் இருந்ததா, தொண்டையில் இருந்ததா? தீண்டாமை எப்போதுமே உடம்பின் மீதுதான் நடத்தப்பட்டது. இன்று பல்கலைக்கழகத்தில் குழாயை யாரும் பூட்டுவதில்லை. பூட்டுவதற்கு வேறு பொருள்கள் இருக்கின்றன.

சேலம் மாவட்டத்திலிருந்து ஹைதராபாத் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போனவர் செந்தில்குமார். அவருக்கு ஆய்வு நெறியாளரே ஒதுக்கப்படவில்லை. 2008 பிப்ரவரியில் அவரை இழந்தோம். அதே பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவின் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தோழர்களோடு திறந்தவெளியில் படுத்தார். 2016 ஜனவரி 17 அன்று அவரை இழந்தோம். தனக்கு ஏழு மாத உதவித்தொகை வர வேண்டியிருக்கிறது என்பதை அவருடைய கடைசிக் கடிதம்கூடச் சொன்னது. 2017 மார்ச்சில் ஜேஎன்யுவில் சேலம் முத்துகிருஷ்ணன். 2019 மே மாதம் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தத்வி.

2021 டிசம்பரில் ஒன்றியக் கல்வி அமைச்சர் நாடாளுமன்றத்தில் ஒரு கணக்குச் சொன்னார். 2014 முதல் 2021 வரை ஒன்றிய அரசின் உயர்கல்வி நிறுவனங்களில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 122 பேர். அவர்களில் பட்டியல் சாதியினர் 24, பழங்குடியினர் 3, பிற்படுத்தப்பட்டோர் 41. பாதிக்கும் மேல் நம் பிள்ளைகள். எல்லா மரணத்துக்கும் சாதிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. காரணத்தைத் தேடும்போது சாதியைப் பற்றிக் கேட்காமல் விடுவது நேர்மையில்லை என்கிறேன்.

உதவித்தொகைக்கும் வயிற்று வலிக்கும் என்ன தொடர்பு? பணம் வர நாலு மாதம் தாமதமாகிறது. மெஸ் பாக்கி ஏறுகிறது. காலைச் சாப்பாட்டை விடுகிறோம், டீயில் ஓட்டுகிறோம். வயிறு புண்ணாகிறது. நெறியாளர் கையெழுத்துப் போடுவாரா மாட்டாரா என்று தெரியாமல் இரவில் புரளுகிறோம், தூக்கம் போகிறது. 'கட்-ஆஃப் எவ்வளவு? எந்தக் கோட்டா?' என்று யார் எப்போது கேட்பார்களோ என்று வகுப்பில் தோளை இறுக்கிக்கொண்டு உட்காருகிறோம். ஆபத்து வருகிறது என்று உடம்பு எந்நேரமும் தயாராகவே நிற்கிறது. தசை இறுகுகிறது, தலை கனக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. இது பலவீனம் கிடையாது. மிரட்டலுக்கு உள்ளான எந்த உடம்பும் இதைத்தான் செய்யும்.

நம் தேனியில் இதற்கு மேல் இன்னொரு பூட்டும் உண்டு. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலருடைய அம்மாக்கள் விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள். ஏலக்காய் செடியின் தூரில் காய்ப்பது. நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும்தான் காய் எடுக்க வேண்டும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரவில் வீட்டுக்கு வருகிற அம்மாவிடம், 'ஃபேனுக்கு அடியில உக்காந்து படிக்கிற எனக்குத் தலை வலிக்குதும்மா' என்று எப்படிச் சொல்வது? வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. அம்மாவின் வலியும் பிள்ளையின் வலியும் போட்டிக்கு நிற்பவை அல்ல. அவர் இடுப்பை ஒடிப்பதும் உங்கள் தூக்கத்தைப் பறிப்பதும் ஒரே அமைப்புதான். சொல்லுங்கள். அம்மாவுக்குப் புரியும்.

சரி, என்ன செய்வது? முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரத்தசோகை, தைராய்டு, கண் பவர், வயிற்றுப்புண் எல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும். சாதியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதற்காக உடம்பு நோயைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் போவதிலும், மாத்திரை சாப்பிடுவதிலும் வெட்கமே வேண்டாம். க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடும் இல்லாமல் சிகிச்சை பெறுவதை உங்கள் உரிமை என்கிறது.

இரண்டாவது, நண்பர் வலிக்கிறது என்றால் 'எங்கே?' என்பதோடு நிறுத்தாதீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, ஸ்காலர்ஷிப் வந்ததா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேளுங்கள். அவமானப்படுத்தினார்கள் என்றால் தேதி, இடம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வைக்கச் சொல்லுங்கள். நாளைக்குப் புகாருக்கு அதுதான் ஆதாரம். வாழப் பிடிக்கவில்லை என்று சாடையாகச் சொன்னால்கூட, நேராகக் கேளுங்கள்: 'சாகணும்னு தோணுதா?' கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். 14416, 104 இரண்டும் இலவச எண்கள், எந்நேரமும் அழைக்கலாம்.

மூன்றாவது, நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை. சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலரும் இருக்க வேண்டும் என்று யுஜிசி 2012லேயே விதி போட்டது. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார்? தெரியாது என்றால் நாளைக்கே எழுத்தில் கேளுங்கள். அந்த விதிகள் ஏட்டளவில் கிடந்ததால்தான் ரோஹித்தின் தாய் ராதிகாவும் பாயலின் தாய் அபேதாவும் 2019இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். அதன் தொடர்ச்சியாக 2026 ஜனவரியில் யுஜிசி புதிய விதிகளை அறிவித்தது. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்தி வைத்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு தாய்மார்கள் நடத்தும் வழக்கு இது. அவர்களைத் தனியாக விடக் கூடாது.

உதவித்தொகை பருவத் தொடக்கத்திலேயே வர வேண்டும். நெறியாளர் ஒதுக்கீட்டுக்கு எழுதப்பட்ட விதியும் கடைசித் தேதியும் வேண்டும். கவுன்சலர் முழுநேரமாக இருக்க வேண்டும். நம் மொழியும் நம் வாழ்க்கையும் தெரிந்தவராக இருக்க வேண்டும். நாம் சொன்னதைத் துறைத் தலைவரிடம் ஒப்பிக்காதவராக இருக்க வேண்டும். கவுன்சலிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெஸ் பாக்கிக்குக் கவுன்சலிங் மருந்தாகாது என்கிறேன்.

நம் இயக்க மேடைகளில் ரோஹித் படம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் இன்னொரு படம் அந்த வரிசையில் சேரக் கூடாது. அதற்கு நாம் வாழ்கிறவர்களின் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார வேண்டும். போராட்டத்துக்கு வராமல் அறையில் படுத்துக் கிடக்கிற தோழரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லாமல், கையில் சாப்பாட்டோடு போய்க் கதவைத் தட்ட வேண்டும். அதுவும் சாதி ஒழிப்பு வேலைதான்.

கேள்விகளைக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்கத் தயக்கமாக இருந்தால், கூட்டம் முடிந்த பிறகு தனியாகவும் கேட்கலாம். கடைசி ஆள் போகும்வரை நான் இங்கேதான் இருப்பேன்.