ஓமன் நாட்டின் தண்ணீர்க் கணக்கு

(நம் சமுதாயக் கூடத்தில் நடந்த மாலைச் சந்திப்பில் 'பி' பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

"ஓமனில் இருபது வருஷம் இருந்திருக்கீங்களே சார், அந்த நாட்டு வரலாறு, பாரம்பரியம் பத்தி அரை மணி நேரம் பேசுங்களேன்" என்று செயலாளர் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் பயம் வந்தது. நான் வரலாறு படித்தவன் இல்லை. கணக்கு எழுதினவன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு கணக்கைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தண்ணீர்க் கணக்கு.

ஓமன் என்றதும் இங்கே இருப்பவர்களில் பலர் கேட்பது மஸ்கட்டைப் பற்றித்தான். நான் இருந்தது நிஸ்வா. மஸ்கட்டிலிருந்து உள்நாட்டுப் பக்கம் சுமார் 160 கிலோமீட்டர். ஒரு காலத்தில் இமாம்களின் தலைநகரம். நடுவில் பிரமாண்டமான வட்டக் கோட்டை. அதைக் கட்ட பன்னிரண்டு வருஷம் ஆயிற்று என்பார்கள். சுற்றுலா வருகிறவர்கள் அதைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கோட்டைக்கும் பேரீச்சந்தோப்புகளுக்கும் உயிர் கொடுத்தது தரையில் ஓடும் ஒரு சின்ன வாய்க்கால். அதன் பெயர் ஃபலஜ் தாரிஸ். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நானும் முதல் இரண்டு வருஷம் அதைச் சாக்கடை என்றே நினைத்திருந்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல.

ஃபலஜ் என்றால் என்ன? அங்கே நிரந்தரமாக ஓடும் ஆறு என்று ஒன்று இல்லை. மழை எப்போதாவது. பெய்கிற மழை ஹஜர் மலைத்தொடரின் அடிவாரத்துச் சரளைக்குள் இறங்கிவிடும். அந்த ஈரம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து ஒரு ஆழமான கிணறு தோண்டுவார்கள். அதைத் 'தாய்' என்கிறார்கள், உம்மு அல்-ஃபலஜ். அங்கிருந்து ஊர் வரைக்கும் பூமிக்கு அடியில் சுரங்கம். கண்ணுக்குத் தெரியாத அளவு சரிவு. சரிவு அதிகமானால் தண்ணீர் அரித்துக்கொண்டு போகும், குறைந்தால் தேங்கிவிடும். மண்ணை வெளியே எடுக்கவும் உள்ளே காற்று போகவும் வழியெங்கும் துளைகள். பல கிலோமீட்டர் இப்படி வந்து, ஊர் எல்லையில் வெளிச்சத்துக்கு வரும். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. இதைத் தோண்டுவதற்கென்றே பெயர் பெற்ற அவாமிர் என்ற குலத்தார் இருந்தார்கள்.

இதற்கு ஒரு கதை சொல்வார்கள். தாவூது நபியின் மகன் சுலைமான் நபி காற்றில் பறந்து வந்து ஓமனில் பத்து நாள் தங்கினாராம். வறண்ட பூமியைப் பார்த்துவிட்டு, நாளைக்கு ஆயிரம் வாய்க்கால் வெட்டும்படி ஜின்களுக்குக் கட்டளையிட்டாராம். அதனால்தான் சுரங்க வகை ஃபலஜுக்கு 'தாவூதி' என்று பெயர். இன்றைக்கும் ஏறத்தாழ 3,000 ஃபலஜுகளில் தண்ணீர் ஓடுகிறது. அவற்றில் ஐந்தை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சுரங்கத்தைவிட எனக்குப் பெரிய ஆச்சரியம், தண்ணீர் ஊருக்குள் வந்த பிறகு நடப்பது. வாய்க்கால் வெளிவரும் முதல் இடம் குடிதண்ணீருக்கு. அங்கே யாரும் கை கால் கழுவக்கூடாது. அதற்குக் கீழேதான் பள்ளிவாசல், ஆண்கள் குளிக்க ஒரு மறைவு, பெண்கள் குளிக்க ஒரு மறைவு. எல்லாம் தாண்டித்தான் தோப்புக்கும் வயலுக்கும். குடிக்கிற தண்ணீர் எல்லோருக்கும் இலவசம், வழிப்போக்கனுக்கும்கூட. பாசனத் தண்ணீருக்கு மட்டும்தான் பங்கு.

அந்தப் பங்கு லிட்டரில் இல்லை, நேரத்தில். 'அதர்' என்றால் அரை மணி நேரம். ஒரு நாளைக்கு 48 அதர். ஒருவருக்கு நாலு அதர் உண்டு என்றால், முறை வரும்போது இரண்டு மணி நேரம் வாய்க்கால் முழுவதும் அவருடையது. பிறகு மண்ணும் துணியும் வைத்து மடையை அடைத்து அடுத்தவருக்குத் திருப்பிவிட வேண்டும். எல்லோருக்கும் ஒரு சுற்று வந்து முடிய ஒரு வாரம் ஆகும், சில ஊர்களில் இரண்டு வாரமும் ஆகும். தண்ணீர் குறைந்தால் எல்லோருக்கும் ஒரேபோலக் குறையும், ஏனென்றால் நேரம் மாறுவதில்லை. நிலத்தை விற்றாலும் தண்ணீரை வைத்துக்கொள்ளலாம். நிலம் இல்லாதவரும் தண்ணீர் வாங்கலாம், வாடகைக்கு விடலாம், மகளுக்கும் மகனுக்கும் எழுதி வைக்கலாம். இப்படிப் பிரிந்து பிரிந்து கால் அதர் வைத்திருக்கும் பாட்டிகளும் உண்டு.

கடிகாரம் இல்லாத காலத்தில் அரை மணியை எப்படி அளந்தார்கள்? பகலில், வெட்டவெளியில் ஒரு கம்பு நட்டு, நிழல் எந்தக் கல்லைத் தொடுகிறது என்று பார்ப்பார்கள். ராத்திரியில் நட்சத்திரம். இன்ன நட்சத்திரம் இன்ன குன்றின் மேலே எழும்பினால் இன்னாருடைய முறை முடிந்தது. இதைப் பார்க்கிறவருக்கு 'அரீஃப்' என்று பெயர். அவருக்கு மேலே நிர்வாகம் பார்க்கும் 'வக்கீல்'. நம் ஊர் வக்கீல் இல்லை, பொறுப்பாளர் என்று பொருள். பிறகு ஒரு பொருளாளர். ஃபலஜுக்கே என்று சில பங்குகள் இருக்கும், அதை ஏலத்தில் விட்டு, வரும் பணத்தில் வாய்க்காலைப் பழுதுபார்ப்பார்கள். மெயின்டனன்ஸ் கட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் நினைவூட்ட வேண்டிய அவசியமே இல்லை! (சிரிப்பு)

பஞ்சம் வந்தால் ஒரு விதி உண்டு. பேரீச்ச மரம்தான் முதலில். கோதுமை, காய்கறி, கால்நடைத் தீவனம் போடும் நிலத்தைத் தோப்புக்கு வெளியே தனியாகத்தான் வைத்திருப்பார்கள். தண்ணீர் குறையும் வருஷம் அதைச் சும்மா போட்டுவிடுவார்கள். பயிர் அடுத்த வருஷம் வரும். மரம் செத்தால் ஒரு தலைமுறை போய்விடும்.

வரலாறு சொல்லுங்கள் என்றார் செயலாளர், அதற்கும் வருகிறேன். 1507இல் போர்ச்சுகீசியர் மஸ்கட்டைப் பிடித்தார்கள். 1624இல் யஅரூபி வம்சத்தின் முதல் இமாம் உள்நாட்டுக் குலங்களை ஒன்றுசேர்த்தார். 1650இல் இமாம் சுல்தான் பின் சைஃப் போர்ச்சுகீசியரை மஸ்கட்டை விட்டே துரத்தினார். நிஸ்வா கோட்டையைக் கட்டியதும் இவர்தான். இவருடைய மகன் சைஃப் பின் சுல்தான் காலத்தில் ஓமனின் கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரை வரைக்கும் போய் மொம்பாசா கோட்டையைப் பிடித்தன. கடலில் வந்த செல்வத்தில் அவர் செய்த வேலைகளில் ஒன்று, 17 ஃபலஜுகளை வெட்டியும் பழுதுபார்த்தும் கொடுத்தது. மொம்பாசாவை ஓமன் பிறகு இழந்துவிட்டது. அந்த மன்னர்கள் விட்டுப்போனதில் கோட்டையைவிட வாய்க்கால்தான் பெரிசு என்பது என் கட்சி.

கடல் என்றதும் நம்மவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தெற்கே, சாம்பிராணி விளையும் தோஃபார் பகுதியில், கோர் ரோரி என்ற பழைய துறைமுகம். அங்கே இத்தாலிய ஆய்வாளர்கள் தோண்டியபோது ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்து. கீரன் என்ற பெயர். சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கே போன ஒரு தமிழர். வளைகுடாவுக்குப் போன முதல் ஆள் நான்தான் என்று என் அப்பா பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார், பாவம்.

இனிமேல் சொல்வது கொஞ்சம் கஷ்டமானது. 1970இல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்தபோது அந்த நாட்டில் மூன்று பள்ளிக்கூடங்கள்தான் இருந்தன. பிறகு ரோடு, ஆஸ்பத்திரி, கரண்ட் எல்லாம் வேகவேகமாக வந்தது. நல்லதுதான். அதோடு பம்ப்செட்டும் வந்தது. நான் வேலை பார்த்த கம்பெனி பம்ப்செட் விற்கிற கம்பெனி. ஒவ்வொரு மாசமும் விற்பனைக் கணக்கை எழுதியவன் நான். எண் ஏறிக்கொண்டே போகும், போனஸும் வரும்.

எங்கள் ஆபீஸில் டிரைவராக இருந்த பெரியவர், பக்கத்துக் கிராமத்துக்காரர். அப்பாவிடமிருந்து வந்த மூன்று அதர் அவருக்கு உண்டு. ஒருநாள் என்னைத் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாய்க்கால் காய்ந்து கிடந்தது. மேல்பக்கத்தில் நாலைந்து பேர் போர் போட்டு பம்ப் வைத்துவிட்டார்கள், தாய்க் கிணற்றின் மட்டத்துக்குக் கீழே நீர் இறங்கிவிட்டது. அவருடைய உறவினர் ஒருவரும் அதில் இருந்தார். பில் எங்கள் கம்பெனியுடையது. "என்னிடம் இன்னும் மூன்று அதர் இருக்கிறது, ஒன்றரை மணி நேரம். ஆனால் தண்ணீர்தான் இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மரங்களின் தலை கவிழ்ந்து மட்டை தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது இரண்டு பேரும் பேசவில்லை.

ஃபலஜில் நூறு பேர் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். பம்புக்கு ஒரு ஆள், ஒரு சுவிட்ச் போதும். 1988இல் ஓமன் அரசு தண்ணீரை நாட்டின் பொதுச்சொத்து என்று அறிவித்தது. பிறகு கிணறுகளைக் கணக்கெடுத்தார்கள், புதுக் கிணற்றுக்கு அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். பழைய ஃபலஜுகளை அரசுச் செலவில் பழுதுபார்த்தார்கள். பலவற்றில் தண்ணீர் ஓடுகிறது. நட்சத்திரம் பார்க்கிறவர்கள் மிகவும் குறைந்துவிட்டார்கள். பெரும்பாலான ஊர்களில் இப்போது கைக்கடிகாரம்தான்.

2004இல் நான் கிளம்பும்போது அந்தப் பெரியவர் ஒரு டப்பா பேரீச்சம்பழம் கொடுத்தார். சொந்தத் தோப்புப் பழமா என்று கேட்டேன். கடையில் வாங்கியது என்றார்.

பின்னால் மேஜையில் ஓமன் பேரீச்சம்பழம் வைத்திருக்கிறேன், ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஒன்று. ஃபலஜ் படங்கள் என் லேப்டாப்பில் இருக்கின்றன, பார்க்க விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம்.