நிதி முடியும்போது யார் முடிவெடுப்பது?
(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவு)



பண்டிதரின் பெயரால் கூடியிருக்கும் இந்த அரங்கில் பணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதில் பொருத்தம் இருக்கிறது. 1907 ஜூன் 19 அன்று அவர் சென்னை ராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய வார இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயராக வைத்தார். கூலிவேலை செய்கிறவரும் வாங்க வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே இருந்தது. மறு ஆண்டு அது 'தமிழன்' ஆனது. கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் அதைத் தாங்கிப் பிடித்தார்கள். 1914இல் பண்டிதர் மறைந்தார்; பின்னர் இதழும் நின்றது. 1926இல் அது மீண்டும் வந்தபோது வந்த இடம் கோலார், அதாவது அதன் வாசகர்கள் வாழ்ந்த இடம்.

பாபாசாகேப் 1920இல் 'மூக்நாயக்' தொடங்க கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்தார். 1923இல் அந்த இதழ் நின்றது. 1927இல் 'பகிஷ்கிருத பாரத்' வந்தது. ஒரு முயற்சி நின்றுபோவது நம் வரலாற்றில் புதிதல்ல. நின்றபோது அது யார் கையில் இருந்தது என்பதுதான் அடுத்து என்ன நடந்தது என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. வட மாவட்டச் சேரிகள் சிலவற்றில் நாங்கள் நடத்திவரும் நலவாழ்வு மையத்தின் நிதி இந்த ஆண்டோடு முடிகிறது. மாலையில் பிள்ளைகள் படிக்கிறார்கள். வயதானவர்களுக்கு இரத்த அழுத்தம் பார்க்கிறோம். வன்கொடுமைக்கு ஆளான குடும்பங்களோடு காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகிறோம். தூக்கம் இழந்த பெண்கள் வந்து பேச ஓர் அறை இருக்கிறது. உங்களில் பலரும் இதே நிலையில் இருப்பீர்கள். 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. பெரிய அமைப்பு பெற்ற நிதியைச் சிறிய அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கும் வழி அதோடு அடைபட்டது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியோ திட்ட காலம் முடிந்ததும் வேறு இடம் பார்க்கிறது.

இப்படி ஒரு நிலை வந்தால் இரண்டு யோசனைகள் உடனே வரும். ஒன்று, வேறு நிதி தேடுவது. தேடலாம். ஆனால் நிதி தருகிறவர் மாறும்போதெல்லாம் வேலையின் பெயரும் மாறுகிறது. சென்ற முறை வாழ்வாதாரம், இந்த முறை மனநலம், அடுத்த முறை காலநிலை. வன்கொடுமை வழக்கு என்று எழுதினால் விண்ணப்பம் நகராது என்று அறிவுரை வேறு சொல்வார்கள்.

இரண்டாவது யோசனை தன்னார்வமாக நடத்துவது. கேட்க அழகாக இருக்கிறது. அந்தத் தன்னார்வலர் யார்? பகலில் நடவுக்கும் நூறுநாள் வேலைக்கும் போய்வந்து, வீட்டில் உலையும் வைத்துவிட்டு, மாலையில் மையத்தைத் திறக்கும் நம் பெண். கூலியில்லாமல் வேலை வாங்கியதை எதிர்த்து வளர்ந்த இயக்கம் நம்முடையது. சேவை என்று பெயர் மாற்றினாலும் அது கூலியில்லா வேலைதான்.

ஆகவே மையத்தை ஒரே பொருளாக வைத்து மூடலாமா வேண்டாமா என்று கேட்பதை விட்டு, வேலைகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

முதலில், அரசு செய்ய வேண்டியவை. இரத்த அழுத்தம், சர்க்கரைக்கு வீடு தேடி மாத்திரை தர 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. அந்தப் பணியாளர் நம் தெருவுக்குள் வருகிறாரா என்று கேட்பது நம் வேலை. மாத்திரை வாங்கித் தருவது அல்ல. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் மனநல சிகிச்சையைப் பெறுவது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ஒவ்வொருவரின் உரிமை. பட்டியல் சாதியினருக்கான வளர்ச்சி நிதிக்கென்றே 2024இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூட வேண்டும். ஒவ்வொன்றிலும் இதைத் தீர்மானமாக எழுதவைக்க வேண்டும்.

இரண்டாவது, சட்டம் பணம் ஒதுக்கியும் நாம் கேட்காமல் விட்டவை. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இன் 11ஆவது விதியை மாணவர்கள் இன்றிரவே படியுங்கள். விசாரணைக்கு வரும் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணச் செலவு உண்டு. விவசாயக் கூலிக்கான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாத தினப்படியும் உண்டு. பெண்ணாகவோ, அறுபது வயது கடந்தவராகவோ இருந்தால் தாம் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம். அவருக்கும் இந்தச் செலவைத் தர வேண்டும். நீதிமன்றத்துக்குத் துணை போகும் செலவை இத்தனை காலமும் திட்ட நிதியில் எழுதினோம். அது அரசு தர வேண்டிய பணம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மனு கொடுங்கள்.

மூன்றாவது, யாரும் பணம் தராதவை. அந்த அறை, அதில் உட்கார்ந்து கேட்கும் ஒரு பெண், அவருடைய சம்பளம். இதை மட்டும்தான் நாம் சுமக்க வேண்டும். இட ஒதுக்கீட்டில் வேலைக்குப் போன ஒவ்வொருவரும் மாதந்தோறும் பணம் தர வேண்டும். சேரியில் வீட்டுக்குச் சிறு தொகை வாங்க வேண்டும். பத்து ரூபாய் கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. திட்ட அறிக்கையில் அவர் 'பயனாளி'. இங்கே அவர் உறுப்பினர். ஒரு பைசாவுக்குப் பண்டிதர் வைத்த மதிப்பும் இதுதான் என்று நினைக்கிறேன். இந்தத் தொகையில் எத்தனை ஊரில் சம்பளம் கொடுக்க முடியுமோ அத்தனை ஊரில் நடத்துவோம். முடியாத ஊரில், தேதி சொல்லி, காரணம் சொல்லி நிறுத்துவோம். சொல்லாமல் பூட்டிப் போவதுதான் துரோகம்.

இன்னொன்று உண்டு. அந்த அறையில் பெண்கள் சொன்னவை கோப்புகளாகவும் புகைப்படங்களாகவும் இருக்கின்றன. நிதி முடிந்ததும் அவை எங்கே போகும்? சொன்னவரிடம் கேட்க வேண்டும். அவர் வேண்டுமென்றால் திருப்பித் தர வேண்டும், வேண்டாமென்றால் அழிக்க வேண்டும். வழக்குக்குத் தேவையானவை வழக்கறிஞரிடம் போகட்டும். நம் துயரம் எந்த அலுவலகத்தின் ஆண்டறிக்கைக்கும் சொத்து அல்ல.

இதையெல்லாம் நிர்வாகக் குழு நகரத்தில் கூடி முடிவு செய்யக் கூடாது. சேரியில், வேலை முடிந்து பெண்கள் வரக்கூடிய இரவு நேரத்தில், வரவு செலவு நோட்டை உரக்கப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். எங்கள் முதல் கூட்டம் அடுத்த மாதம். இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களில் இருவர் வந்தால் போதும். ஒருவர் 11ஆவது விதிப்படி மனு எழுதட்டும், ஒருவர் கணக்கு எழுதட்டும்.

ஜெய்பீம்.