ஓட்டல் படிப்புக்குக் கல்விக் கடன்: கணக்கைச் சம்பளத்திலிருந்து தொடங்குங்கள்

(பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெற்றோருக்காக நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சார், பையன் கேட்டரிங்தான் படிப்பேன்னு நிக்கறானுங்க. லோன் போட்டுச் சேர்த்தலாமுங்களா?" என்று இந்த ஒரு மாதத்தில் லிஃப்ட் அருகிலேயே மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அதை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள் என்றார் நம் செயலாளர். நான் பி.காம். படித்து, வங்கியில் கிளர்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தக் கல்லூரி நல்லது என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன்.

பெரும்பாலோர் பீஸிலிருந்து தொடங்குகிறார்கள். "மொத்தம் இவ்வளவு ஆகுது, பேங்கில் எவ்வளவு கிடைக்கும்?" இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக்கூடாது. அதனால் 4 லட்சம் கிடைக்கும் என்றால் 4 லட்சமும் வாங்கிவிடுகிறோம். கிடைப்பது வேறு, கட்ட முடிவது வேறு. நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் பிள்ளையின் கைக்கு மாதம் எவ்வளவு வரும்?

இதைக் கல்லூரியின் விளம்பரத் தாளில் பார்க்காதீர்கள். அங்கே படித்து இரண்டு வருடத்துக்கு முன் வெளியே வந்த மூன்று பேரிடம் கேளுங்கள். பிடித்தம் போகக் கையில் எத்தனை, தங்குவதற்கு எத்தனை, இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறார்களா? ஓட்டல் வேலையில் ஒரு அனுகூலம் உண்டு. பல இடங்களில் வேலை நேரத்துச் சாப்பாடு அவர்களே போடுவார்கள். கோவையிலேயே வேலை கிடைத்து வீட்டிலிருந்து போனால் வாடகையும் மிச்சம். ஆனால் தொடக்கச் சம்பளம் சிறியது. அனுபவம் ஏற ஏறத்தான் உயரும். தவணையோ முதல் மாதத்திலிருந்தே முழுசாகக் கட்ட வேண்டும்.

இப்போது கணக்கு. வருடம் 1 லட்சம் வீதம் மூன்று வருடத்துக்கு 3 லட்சம் கடன் என்று வையுங்கள். வட்டி, கணக்கு எளிதாக இருக்க 10 சதவீதம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கிடையாது. தவணைதான் கிடையாது, வட்டி உண்டு. முதல் லட்சத்துக்கு நான்கு வருட வட்டி 40,000, இரண்டாவதற்கு 30,000, மூன்றாவதற்கு 20,000. ஆக 90,000. கட்டத் தொடங்கும் நாளில் கடன் 3,90,000. அதை 7 வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 6,470 ரூபாய். 15 வருடம் என்று நீட்டினால் மாதம் சுமார் 4,190தான். ஆனால் கட்டி முடிக்கும்போது மொத்தம் ஏழரை லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

அதே கடனுக்குப் படிக்கும்போதே வட்டியைக் கட்டி வாருங்கள். முதல் வருடம் மாதம் 833 ரூபாய், அடுத்த வருடம் 1,667, அதன்பின் 2,500. தவணை தொடங்கும்போது அசல் 3 லட்சமாகவே நிற்கும்; 7 வருடத் தவணை 4,980க்கு இறங்கிவிடும்.

என் கணக்கில், தவணை சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக்கூடாது. கையில் 16,000 வரும் என்று விசாரித்துத் தெரிந்தால் தவணை 4,000. அதைக் கொண்டு 7 வருடத்தில் அடைபடுவது சுமார் 2.40 லட்சம். இடையில் வட்டி கட்ட முடியாத குடும்பம் என்றால் 1.85 லட்சத்துக்கு மேல் வாங்கக்கூடாது. பீஸ் அதைவிட அதிகமென்றால் படிப்பை விட வேண்டியதில்லை, கடனைக் குறைக்கும் வழியைத் தேட வேண்டும்.

வழிகள் இருக்கின்றன. பெற்றோர் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புகளுக்குத் தவணை விடுப்புக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் உண்டு. கல்லூரிக்கு நாக் அல்லது படிப்புக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று சேரும் முன்பே பாருங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்கு 2024 ஆகஸ்டில் நம் கோவை அரசு கலைக் கல்லூரியில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன். மாதம் 1,000 வருகிறது. மேலே சொன்ன வட்டியில் ஒரு பகுதி அதிலேயே அடங்கிவிடும். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களைச் சென்னை தரமணி ஓட்டல் மேலாண்மை நிறுவனத்தில் படிக்க வைக்கும் திட்டம் தாட்கோவில் இருக்கிறது.

எடுத்தவுடன் பட்டப்படிப்புதான் என்றும் இல்லை. சமுதாயக் கல்லூரிகளில் கேட்டரிங் டிப்ளமோ, குறுகிய காலப் பயிற்சிகள் இருக்கின்றன. ஒரு வருடம் படித்து, வேலைக்குப் போய், பிறகு தொலைநிலையில் பட்டம் வாங்கலாம். இத்தகைய பயிற்சிக்குத் தனியாகத் திறன் கடன் உண்டு. 2015ல் அதன் உச்சவரம்பு 1.5 லட்சம், 2024ல் 7.5 லட்சமாக உயர்த்திவிட்டார்கள். உச்சவரம்பு உயர்ந்தது என்பதற்காக நம் கடனும் உயர வேண்டியதில்லை.

ஒரு செலவில்லாத பரீட்சை சொல்கிறேன். நம் கொங்கு நாட்டில் கல்யாணத்துக்கும் விருந்துக்கும் பஞ்சமில்லை. கையெழுத்துப் போடும் முன், பிள்ளையைப் பத்து முகூர்த்த நாட்களுக்கு ஒரு சமையல் கான்ட்ராக்டரிடம் அனுப்புங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, ஊர் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டு, நின்ற காலோடு வேலை பார்த்து, பதினோராவது நாளும் "நான் போறேனுங்க" என்றால் தைரியமாகச் சேருங்கள். பாதியில் படிப்பை விட்டாலும் வாங்கிய கடன் நிற்கும்.

பெற்றோர் போடுவது சாட்சிக் கையெழுத்து அல்ல. நீங்களும் கூட்டுக் கடன்தாரர். தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன். பிள்ளையின் சிபில் மதிப்பெண்ணோடு உங்களுடையதும் இறங்கும். 2020 ஊரடங்கில் ஓட்டல்கள் மூடிக் கிடந்தன. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அப்போதும் வட்டி ஓடியது. அதனால் ஆறு தவணைக்கான பணத்தைத் தனியாக ஒரு ஆர்.டி.யில் சேர்த்து வைத்த பிறகுதான் வண்டி, போன் எல்லாம்.

இது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல. நம் செக்யூரிட்டி அண்ணன்மார், வீட்டு வேலைக்கு வரும் அக்காமார் வீட்டிலும் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கணக்குத் தப்பினால் அதிகம் அடிபடுவது அவர்கள்தான். இந்த உரையைப் படிப்பவர்கள் அவர்களிடமும் சொல்லுங்கள். கல்லூரியின் பீஸ் விவரம், வருமானச் சான்று இரண்டையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை சங்க அறைக்கு வரச் சொல்லுங்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன். கட்டணம் ஒன்றும் இல்லை.